“அம்மா... இது ரம்மி இல்லம்மா!” - ஒரு சிங்காரப்பேட்டை ‘கீக்’கின் குமுறல்

பெண் வீட்டார் வந்துவிட்டுப் போய் மூன்று நாள் கழித்துத்தான் தரகர் போன் செய்தார்.

“பையன் நல்ல பையன்தாங்கம்மா. சம்பளமும் பரவால்ல. ஆனா, எந்நேரமும் போன்ல கேம் ஆடுவாராமே? அதான் பொண்ணு வூட்ல யோசிக்கிறாங்க...”

அம்மா போனை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பையன் அப்போது கேம் ஆடிக்கொண்டிருக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவியின் லேப்டாப்பைக் கழற்றி, உள்ளே இருந்த தூசியை பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தார். “கேட்டியாடா?” என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குள் போய்விட்டார். அன்று ராத்திரி வரை இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

கிருஷ்ணகிரி மாவட்டம், சிங்காரப்பேட்டைக்காரர். வயது 29. ஓசூரில் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. வாரம் ஆறு நாள் ஓசூரில் நண்பர்களோடு வாடகை அறை. சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் ஓசூர் டு கிருஷ்ணகிரி, கிருஷ்ணகிரி டு ஊத்தங்கரை, அங்கிருந்து சிங்காரப்பேட்டை என்று பஸ் மாறி மாறி ஊர் வந்து சேருவார். ஊருக்குள் ‘கம்ப்யூட்டர் தம்பி’ என்றால் எல்லோருக்கும் தெரியும். அவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘கீக்’. பெயரைப் போடக் கூடாது என்பது அவருடைய ஒரே கண்டிஷன். “இன்னும் ரெண்டு மூணு ஜாதகம் வெளியில இருக்கு பாஸ்!”

அவருக்கு மூன்று விஷயங்கள் மேல் கோபம். கேம், சாஃப்ட்வேர், அரசியல். “இந்த மூணும் என்னை ஒரு வார்த்தை கேக்காமலே என் வாழ்க்கையில முடிவெடுக்குது” என்கிறார்.

அம்மாவின் பயம்

முதலில் அம்மா பக்கத்து நியாயம். ஏனென்றால், அதில் நியாயம் இருக்கிறது.

இவருடைய பெரியம்மா மகனுக்கு கர்நாடகாவின் அத்திப்பள்ளி பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. அறை ஓசூரில். கொரோனா ஊரடங்கில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது, போனில் ரம்மி ஆட ஆரம்பித்தார். ‘வெல்கம் போனஸ்’ என்று ஆப் கொடுத்த பணத்தில் முதல் வாரம் ஜெயித்தார். அந்த ஜெயிப்புதான் வினை. அடுத்து சீட்டுப் பணம் போனது, பைக் போனது, அண்ணியின் நகை அடகுக் கடைக்குப் போனது. ஒருநாள் வீட்டுக்கே வராமல் இருந்தவரை, கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் இருந்து கூட்டிவந்தார்கள். அடகில் இருந்த நகையை மீட்க, இவருடைய அம்மா தன் இரண்டு பவுன் செயினைக் கொடுத்தார். அது இன்னும் திரும்பி வரவில்லை.

அன்றிலிருந்து அந்த அம்மாவுக்கு போன் திரையில் என்ன ஓடினாலும் ரம்மிதான். துப்பாக்கிச் சண்டை ஆடினாலும் ரம்மி. கார் ரேஸ் ஆடினாலும் ரம்மி. செஸ் ஆடினாலும், “இதுல எவ்ளோடா கட்டியிருக்க?” என்பார்.

“எங்க அம்மா மேல எனக்குக் கோபமே இல்லை. வித்தியாசத்தை அவங்களுக்குப் புரியவெக்க வேண்டியவங்களே அஞ்சு வருஷமா குழம்பிட்டிருந்தாங்களே... அவங்க மேலதான் கோபம்” என்கிறார் கீக்.

ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கம்... அந்தப் பக்கம்!

அவர் சொல்வது என்ன என்று புரிய, ஓசூரில் குடியிருந்து பார்க்க வேண்டும். ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகா. ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் காலையில் ஒரு மாநிலத்தில் எழுந்து, இன்னொரு மாநிலத்தில் வேலை செய்துவிட்டு, ராத்திரி திரும்புகிறார்கள். சூதாட்டம் பற்றிச் சட்டம் போடும் அதிகாரம் அரசியலமைப்புப்படி மாநிலங்களிடம் இருக்கிறது. அதனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் இன்னொரு சட்டம்.

வரிசையாகப் பாருங்கள். 2020 நவம்பரில் தமிழக அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு அவசரச் சட்டம் மூலம் தடை போட்டது. 2021 ஆகஸ்ட் 3-ம் தேதி, அதற்குப் பின் வந்த சட்டத்தை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இரண்டே மாதம். 2021 அக்டோபர் 5-ம் தேதி கர்நாடகாவில் தடை அமலுக்கு வந்தது. அதை 2022 பிப்ரவரி 14-ம் தேதி கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதே 2022 அக்டோபரில் தமிழகத்தில் மறுபடி அவசரச் சட்டம்.

“எங்க அண்ணன் ஓசூர் ரூம்ல ஆட முடியாதப்ப, அத்திப்பள்ளியில சாப்பாட்டு நேரத்துல ஆடினான். அங்க தடை வந்ததும், ரூமுக்கு வந்து ஆடினான். ஆப்புக்கு லொக்கேஷன்தான் கணக்கு. ஆடுற இடம் மாறிச்சே தவிர, ஆட்டம் மாறலை!”

அதற்கு அடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். தமிழகத்தில் ஆன்லைன் சூதாட்டத்தில் பணத்தை இழந்தவர்களின் தற்கொலைச் செய்திகள் தொடர்ந்து வந்தன. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழு 2022-ல் அறிக்கை கொடுத்தது. சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் சட்டமன்றம் மறுபடியும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. நவம்பர் 9-ம் தேதி உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும் என்றது. ஆனால், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றுக்கு இந்தத் தடை பொருந்தாது என்றும் சொல்லிவிட்டது. ரம்மி திறமை சார்ந்த ஆட்டம் என்று 1967-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னதுதான், அந்தக் கம்பெனிகள் பிடித்துக்கொண்ட கொம்பு.

2025-ல் மாநில ஆணையம் கொண்டுவந்த விதிப்படி, நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆட முடியாது. ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். ஜூன் 3-ம் தேதி உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. கடைசியில் 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றமே இறங்கி வந்தது. ஆகஸ்ட் 20 மக்களவை, 21 மாநிலங்களவை, 22 குடியரசுத் தலைவர் ஒப்புதல். மூன்றே நாளில் புதிய சட்டம்!

அந்தச் சட்டம் செய்த ஒரு காரியத்தை மட்டும் கீக் மனசாரப் பாராட்டுகிறார். ஆட்டங்களை அது மூன்றாகப் பிரிக்கிறது: இ-ஸ்போர்ட்ஸ், பொழுதுபோக்கு விளையாட்டுகள், பணம் வைத்து ஆடுபவை. மூன்றாவது ரகத்துக்குத் தடை, அது திறமையோ அதிர்ஷ்டமோ! நடத்துகிறவர்களுக்கு மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடியவர்களுக்குத் தண்டனை இல்லை. இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையில் பெயர் போட்டிருந்த ட்ரீம் 11 நிறுவனமே பண ஆட்டத்தை மூட்டை கட்டியது. சட்டத்தை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன.

“இந்த மூணு ரகத்தை 2020-லேயே பிரிச்சு வெச்சிருந்தா, அம்மா செயின் தப்பிச்சிருக்கும்” என்கிறார்.

காதலர் தினத்தில் ஒரு காமெடி

2022 பிப்ரவரி 14. மேலே சொன்ன அதே தேதி. கர்நாடகாவில் பண ஆட்டத்துக்கான தடை ரத்தானது அன்றைக்குத்தான். அதே நாளில்தான் மத்திய அரசு 54 சீன ஆப்களைத் தடை செய்கிறது என்ற செய்தியும் வந்தது. அந்தப் பட்டியலில் ‘ஃப்ரீ ஃபயர்’ விளையாட்டும் இருந்தது. அதை நடத்தும் கம்பெனியின் தலைமையகம் சிங்கப்பூரில்!

“எங்க அண்ணன் வாழ்க்கையைக் கெடுத்தது ரிலீஸ். சும்மா ஆடிட்டு இருந்தது அரெஸ்ட். எனக்கு சிரிக்கிறதா அழறதான்னே தெரியலை.”

அதற்கு முன்பே அவர் ஒரு பெரிய தடையைப் பார்த்திருந்தார். 2020 செப்டம்பர் 2. எல்லைப் பதற்றத்தைத் தொடர்ந்து 118 ஆப்களோடு பப்ஜியும் போனது. பெற்றோர் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அதில் தவறில்லை. ஆனால், கீக் இழந்தது வேறு.

பப்ஜியில் நான்கு பேர் ஒரு ‘ஸ்குவாட்’. இவர்கள் நான்கு பேரும் ஊத்தங்கரையில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். ஒருவர் திருப்பூர் பனியன் கம்பெனியில், ஒருவர் கோயம்புத்தூரில், ஒருவர் ஊரிலேயே மாந்தோப்புக் காவலில், இவர் ஓசூரில். ராத்திரி பத்து மணிக்கு நான்கு பேரும் ஹெட்போனை மாட்டுவார்கள். துப்பாக்கிச் சண்டை பெயருக்குத்தான். பேச்செல்லாம் சம்பளம், வீட்டுக் கடன், தங்கச்சி கல்யாணம், சூப்பர்வைசர் திட்டியது. தனியாகப் போன் போட்டு இதையெல்லாம் பேச ஆண் பிள்ளைகளுக்கு வராது. குண்டு சத்தத்துக்கு நடுவில் சுலபமாக வந்துவிடும்.

ஆப் போனதும் பேச்சும் போனது. 2021 ஜூலையில் ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ என்று வேறு பெயரில் வந்தது. மூன்று பேர் சேர்ந்தார்கள். 2022 ஜூலை 28-ல் அதுவும் ஸ்டோர்களில் இருந்து காணாமல் போனது. 2023 மே மாதம் நிபந்தனைகளோடு திரும்பி வந்தது. 18 வயதுக்குக் கீழே இருந்தால் நாளுக்கு மூன்று மணி நேரம், மற்றவர்களுக்கு ஆறு மணி நேரம்தான். அப்போது சேர்ந்தது இரண்டு பேர். திருப்பூர் நண்பரின் நம்பர் இப்போது உபயோகத்திலேயே இல்லை.

“பாதுகாப்புக் காரணம்னு சொன்னா, சரி, எடுத்துக்கிறேன். ஆனா, எதுக்கு எடுத்தாங்க, எதுக்குத் திருப்பி விட்டாங்கன்னு ஆடுறவனுக்கு விளக்கிச் சொல்ல ஒரு பத்து வரி போதாதா?”

அம்மா போட்ட குண்டு

இவ்வளவையும் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்த அம்மா, அப்போது ஒரு கேள்வி கேட்டார்.

“அதெல்லாம் சரி சாமி. துப்பாக்கிக்குக் கலர் சட்டை வாங்கறேன்னு நாலாயிரம் ரூபா போன மாசம் கட்டினியே, அது எந்த ரகத்துல வரும்?”

கீக் முகத்தில் ஈ ஆடவில்லை.

விஷயம் இதுதான். இன்று பெரும்பாலான மொபைல் கேம்கள் இலவசம். காசு பார்ப்பது ‘ஸ்கின்’, ‘கிரேட்’ எனப்படும் பெட்டிகளில். பணம் கட்டினால் பெட்டி திறக்கும். உள்ளே என்ன வரும் என்பது அதிர்ஷ்டம். நினைத்தது வராவிட்டால் இன்னொரு பெட்டி. பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் 2018-லேயே இந்தப் பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்துவிட்டது.

“ஒத்துக்கிறேன். நாலாயிரத்துக்குப் பெட்டி திறந்தும், நான் கேட்ட கலர் வரலை. ரம்மியில ஆடினவனும் ‘அடுத்த கை வந்துடும்’னுதான் ஆடினான். நானும் ‘அடுத்த பெட்டியில வந்துடும்’னுதான் திறந்தேன். அவனுக்கு லட்சம், எனக்கு ஆயிரம். அவ்வளவுதான் வித்தியாசம்” என்று அவரே சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

காசு கொடுத்தாலும் நமக்குச் சொந்தம் இல்லை

அடுத்த கோபம் சாஃப்ட்வேர் மேல். கீக்கிடம் ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது. பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய திட்டம் அது. விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் அதில் இருந்தது. வகுப்பில் பலர் செய்த முதல் வேலை, அந்த லினக்ஸை அழித்துவிட்டு சினிமாவுக்கு இடம் உண்டாக்கியதுதான். இவர் மட்டும் அதைத் திறந்து பார்த்தார். கம்ப்யூட்டர் கடைக்குப் போகாமலே கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 போட வேண்டும் என்றால் ‘டி.பி.எம் 2.0’ என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், ஓரளவு புதிய பிராசஸர் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ கம்ப்யூட்டர்கள் இந்தப் பரீட்சையில் ஃபெயில். “மாடு நல்லாப் பால் கறக்குது. ஆனா, கொம்பு பழைய மாடல்னு அடிமாட்டுக்கு அனுப்பச் சொல்றாங்க!” என்பது இவர் வாதம்.

கேம்களிலும் இதே கதைதான். ‘தி க்ரூ’ என்ற கார் ரேஸ் கேம் 2014-ல் வந்தது. காசு கொடுத்து வாங்க வேண்டிய கேம். யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31-ல் சர்வரை நிறுத்தியது. வாங்கி வைத்தவர்களும் ஆட முடியாமல் போனது. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம். ஐரோப்பிய ஒன்றியத்திடம் அவர்கள் கொண்டுபோன மனுவில் 2025 ஜூலையில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். ‘விற்ற பிறகு ஆட முடியாதபடி செய்யாதே’ என்பதுதான் கோரிக்கை.

“கேம் ஆடுற பசங்க அங்க சட்டம் கேட்டு மனு கொடுக்கிறாங்க. இங்க நான் மனு கொடுக்கப்போன கதையைக் கேளுங்க...”

எழுத்தைத் தின்ற எலி

ஊர்ப் பிள்ளைகளுக்குப் பொதுவாக இரண்டு கம்ப்யூட்டர் வேண்டும் என்று அவர் ஒரு மனு தயாரித்தார். போனில் அழகாகத் தமிழில் டைப் செய்து, பென் டிரைவில் போட்டு, ஓர் அரசு அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்த கம்ப்யூட்டரில் பழைய ஃபான்ட் முறை. இவருடைய யூனிகோட் எழுத்தை அந்த முறைக்கு மாற்றியபோது, மனு முழுக்க எலி கடித்த மாதிரி ஆகிவிட்டது. “டி.டி.பி கடையில குடுத்து அடிச்சு, பிரின்ட் எடுத்துட்டு வாங்க தம்பி” என்றார்கள். மனுவின் தலைப்பே ‘கணினி வசதி’!

தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டு ஆணை போட்டுவிட்டது. தமிழ் 99 விசைப்பலகை 1999-ல் வந்தது. இவ்வளவு முன்னால் ஓடிய மாநிலத்தில், இன்னமும் பல இடங்களில் பழைய ஃபான்ட்தான் ஆட்சி செய்கிறது. ‘தமிழ், தமிழ்’ என்று மேடையில் பேசும் எந்தக் கட்சிக்காரரும் இதைப் பேசுவதில்லை என்பது இவருடைய வருத்தம்.

“தேர்தல் வந்தா எல்லாக் கட்சி வாட்ஸ்அப் குரூப்புலயும் என்னைச் சேர்த்துடுறாங்க. மீம் போடத் தெரிஞ்ச பையன் வேணும். ஆனா, ஒரு ஆப்பைத் தடை பண்ணும்போதோ, ஒரு சட்டம் எழுதும்போதோ, அந்தப் பையன்கிட்ட கருத்துக் கேக்க யாரும் இல்லை. தடை போடுறது சுலபம். ஒரு பேட்மின்டன் கோர்ட், ஒரு லைப்ரரி, ரெண்டு கம்ப்யூட்டர்... இதைப் போடுறதுதான் கஷ்டம் போல!”

கடைசியில் டி.டி.பி கடையில் காசு கொடுத்து மனுவை அடித்து வாங்கி, கிராம சபையில் கொடுத்திருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. அடுத்த கிராம சபைக்கும் போவாராம்.

வீட்டில் கேம் ஆடும் பிள்ளை இருக்கிறதா?

பெற்றோருக்குக் கீக் சொல்லும் யோசனைகள்:

* “என்ன கேம்?” என்று கேட்காதீர்கள். “இதுல காசு போட்டா காசு வருமா?” என்று கேளுங்கள். வரும் என்றால், அது கேமே இல்லை.

* பிளே ஸ்டோர் செட்டிங்கில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். யு.பி.ஐ பின் நம்பர் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம்.

* தடை செய்யப்பட்ட ஆப்பை வேறு வழியில் இறக்கித் தருகிறேன் என்று யாராவது லிங்க் அனுப்பினால், தொடவே வேண்டாம். பணம் பறிபோய்விட்டால், தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு அழையுங்கள்.

* பணத்தை இழந்தவரைத் திட்டித் தீர்க்காதீர்கள். மனம் விட்டுப் பேச 104, 14416 எண்கள் இருக்கின்றன. “எங்க அண்ணனைக் காப்பாத்தினது சட்டம் இல்லை. ‘போனது போகட்டும், வீட்டுக்கு வா’ன்னு பெரியம்மா சொன்ன வார்த்தைதான்.”

* பழைய லேப்டாப்பை எடைக்குப் போடும் முன், லினக்ஸ் போட்டுப் பாருங்கள். படிக்க, டைப் அடிக்க, படம் பார்க்க தாராளமாகப் போதும்.

பக்கத்து வீட்டு மாணவியின் லேப்டாப்பிலும் அன்று சாயங்காலம் அதைத்தான் போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அந்தப் பெண்ணின் பாட்டி ஒரு சொம்பு மோர் கொடுத்தனுப்பினார்.

அடுத்த ஞாயிறு தரகரிடமிருந்து மறுபடி போன். திருப்பத்தூர் பக்கம் ஒரு ஜாதகம் வந்திருக்கிறதாம். இந்த முறை அம்மா போனை மகனிடம் தராமல் தானே பேசினார்.

“முன்னாடியே சொல்லிடுங்க தரகரே. பையன் போன்ல கேம் ஆடுவான். காசு வெச்சு ஆடமாட்டான். ரெண்டும் வேற வேற. புரியலைன்னா, என்கிட்ட பேசச் சொல்லுங்க. நான் சொல்றேன்.”

உள்ளே இருந்து கீக் எட்டிப் பார்த்தார். அம்மா கண்டுகொள்ளாத மாதிரி வெங்காயத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனார்.